ரோமைச் சபிக்கப் போன ராம்தா

திராட்சை அறுவடை முடிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ரோக்காதூஃபா ஊருக்கு அடியில் பாறையைக் குடைந்து செய்திருந்த பழைய கல்லறையின் சுவரில் இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களாக ஓவியமாகச் சாய்ந்து படுத்திருந்த பெண் எழுந்து, உடம்பிலிருந்த சுண்ணாம்புத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தொண்ணூற்றாறு படிகள் ஏறி, இல்தா பர்த்தலூச்சியின் இறைச்சிக் கடைக்கு வந்து, வரிசையில் நிற்காமல் நேரே முன்னால் போய் நின்றாள். அன்று கடையிலிருந்த ஏழு பேரும் இன்றுவரை அவளைப் பற்றி முதலில் சொல்கிற புகார் அதுதான். அவள் வரிசையில் நிற்கவில்லை.

இல்தாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அப்பாவிடமிருந்து வந்த கடை, அப்பாவிடமிருந்து வந்த கத்தி, அப்பாவிடமிருந்தே வந்த முன்கோபம். "எல்லாரும் நிக்கிறாங்களே, தெரியலையா?" என்று கேட்டாள்.  வந்தவள் பக்கவாட்டில் திரும்பியே நின்றாள். படத்தில் அவளை அப்படித்தான் வரைந்திருந்தார்கள், ஒரு கண்ணும் ஒரு காதும் கூர்மையான மூக்கும் தெரிகிற மாதிரி. இடது கையில் சுண்டுவிரல் இல்லை. அந்த இடத்தில் காரை உதிர்ந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. இருக்கிற விரலால் தட்டிலிருந்த ஆட்டு ஈரலைக் காட்டினாள். இல்தா எடுத்து வைத்ததும் அதை உள்ளங்கையில் ஏந்தி, மடிப்பு மடிப்பாகப் புரட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பிறகு வலது கை விரல்கள் ஐந்தும் கீழே நோக்கப் படபடக்கச் செய்து காட்டினாள். மழை.

வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு ஊரில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் நனைந்தது. அந்த ஏழு பேருடைய துணி மட்டும் நனையவில்லை.

அவள் பெயரைக் கண்டுபிடித்தவர் நஸரேனோ வாத்தியார். லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். அவர் கல்லறைக்குள் டார்ச் விளக்கோடு இறங்கிப் பார்த்தபோது, சுவரில் குழல் ஊதுகிறவன் ஊதிக்கொண்டிருந்தான், ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், சிறுத்தைகள் வாயைத் திறந்தபடி இருந்தன, அவள் படுத்திருந்த இடம் மட்டும் அவள் உருவத்திலேயே வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு மேலே வலமிருந்து இடமாக எழுதியிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்து, "ராம்தா" என்றார். கடையில் வந்து அவர் அதைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரோமர்களுக்கு முன்பு அந்தக் குன்றுகளை ஆண்ட எத்ருஸ்கர்களில் ஒருத்தி; அவர்கள் எழுத்தைப் படிக்கலாம், பாஷை முக்கால்வாசி யாருக்கும் தெரியாது என்று வாத்தியார் விளக்கினார். இல்தாவுக்கு அது ஒரு சிரமமாகவே படவில்லை. அந்த நாட்டில் வாய் இல்லாமலும் பேசலாம். விரல்களைக் குவித்து ஆட்டினால் என்ன வேண்டும் என்று அர்த்தம், கன்னத்தில் விரலைத் திருகினால் ருசி, முகவாய்க்கு அடியில் விரல்களை உரசி எறிந்தால் எனக்கென்ன வந்தது. ராம்தாவின் கைகளுக்கு இவற்றில் பாதி முன்பே தெரிந்திருந்தது, மீதியை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

மாடியில், இல்தாவின் தங்கை சிறு வயதில் படுத்திருந்த கட்டிலில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். தக்காளிக் குழம்பு ஊற்றிய பாஸ்தாவைப் பார்த்து, யாரோ செத்திருக்கிறார்கள் என்பதுபோல் தட்டைத் தள்ளிவிட்டாள். அவள் காலத்தில் தக்காளி அந்தக் கண்டத்துக்கே வந்திருக்கவில்லை. பதினோராம் நாள் ரொட்டியில் தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் இல்தாவின் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டாள். காபியைக் கடைசி வரை மருந்து என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஆண்கள் மட்டும் சீட்டாடுகிற பாரில் நுழைந்து, அவர்கள் நடுவே ஒரு பெஞ்சில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படுத்துக்கொண்டு ஒயின் கேட்டாள். அவள் ஊரில் பெண்கள் அப்படித்தான் விருந்துண்டார்கள். பார்க்காரர் கொடுத்துவிட்டார், வேறென்ன செய்வது. அடுத்த வாரம் மருந்துக் கடைக்காரர் மனைவி வந்தாள், அதற்கடுத்த வாரம் தையல்காரப் பெண்கள் இருவர் வந்தார்கள், கிறிஸ்துமஸ் வருவதற்குள் சீட்டில் ஆண்கள் தோற்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஈரல் பார்க்கிற வேலையும் நடந்தது. மருந்துக் கடைக்காரர் மனைவிக்கு இரட்டைக் குழந்தை என்றாள், இரட்டைதான் பிறந்தது. வியாழக்கிழமை ஓடைப் பாலத்தில் போகாதே என்றாள். வியாழக்கிழமை யாரும் போகவில்லை, பாலம் காலை ஒன்பதே காலுக்குத் தனியாக விழுந்தது. தேவாலயத்தின் ஃபாதர் எஜிதியோ முதலில் முகம் சுளித்தார். பிறகு, திருவிழா ஊர்வலத்துக்கு எந்த நாள் மழை இருக்காது என்று கேட்டுவரச் சமையல்காரம்மாவை அனுப்பினார்.

தொல்பொருள் இலாகாவிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அதிகாரி வந்தார். மண்ணுக்கு அடியிலிருந்து கிடைக்கிற எதுவும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"இவங்க கிடைக்கலையே, தானாத்தானே வந்தாங்க" என்றார் வாத்தியார்.

"ஆள்னு சொன்னா அடையாள அட்டை வேணும். எந்த நாட்டுக்காரங்க?"

"அவங்க பொறந்தப்ப நாடே இல்லையேம்மா."

"அப்ப வெளிநாட்டுக்காரங்க."

"சரி, அரசாங்கத்துக்கே சொந்தம்னு வச்சுக்குவோம்" என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து இல்தா சொன்னாள். "மத்தியானம் ரெண்டு தட்டு சாப்பிடுறா, ராத்திரி ஒண்ணரை. அரசாங்கம் வந்து சமைச்சுப் போடட்டும்."

அதிகாரி அன்று அங்கேயே சாப்பிட்டார். போகும்போது ராம்தா அவர் கோட்டின் காலரைச் சரி செய்துவிட்டாள். அறிக்கையில் அவர் என்ன எழுதினார் என்று தெரியாது, திரும்பி வரவில்லை.

கடை சாத்துகிற ஐந்து மணிக்குத் தினமும் ஆறேழு பேர் கூடுவார்கள். ராம்தா கையை முன்னோக்கிச் சுழற்றுவாள்: பிறகு? நான் செத்த பிறகு என்ன நடந்தது? அவர்கள் சொன்னார்கள். ரோமர்கள் வந்து சாலை போட்டதையும் வரி போட்டதையும் சொன்னார்கள், ரோமர்கள் சோர்ந்தபோது வடக்கிலிருந்து நீண்ட மீசைக்காரர்கள் குதிரையோடும் பெண்டாட்டி பிள்ளைகளோடும் வந்ததைச் சொன்னார்கள், போப்பாண்டவரின் ஆட்கள் கோட்டை கட்டியதை, ஸ்பானியர் வந்து அதை இடித்ததை, பிரெஞ்சுக்காரர்கள் வந்து தேவாலய மணியை உருக்கிப் பீரங்கி செய்ததை, கொசுக்காய்ச்சல் யாருடைய படையும் இல்லாமலே பாதி ஊரைக் கொண்டுபோனதை, சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்து இனி எல்லோரும் ஒரே நாடு என்று சொன்னபோது ஊரில் ஒருவருக்கும் அந்த நாட்டின் பாஷை தெரியாமல் இருந்ததை, ரொட்டி இல்லாமல் கப்பலேறிப் போனவர்களை, சர்வாதிகாரியின் கறுப்புச் சட்டைக்காரர்களை, ஜெர்மானியர் புறப்படும்போது தண்ணீர்த் தொட்டியை வெடித்துவிட்டுப் போனதை, அதற்குப் பிறகு வந்த தொலைக்காட்சிப் பெட்டியை. பேச்சே இல்லாமல், கையாலும் தோளாலும் புருவத்தாலும். வந்தவர்களெல்லாம் அடித்தார்கள், வந்தவர்களெல்லாம் சாப்பிட்டார்கள், பாதிப் பேர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள். என் மூக்கைப் பாருங்கள், இது மீசைக்காரர்களின் மூக்கு என்று பார்க்காரர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

ராம்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையை இடுப்புக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்டினாள். முன்பும் பல நாள் காட்டியிருந்தாள். நாய்க்குட்டி கேட்கிறாள் என்றும், குள்ளமான முக்காலி கேட்கிறாள் என்றும் நினைத்து இரண்டையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை அவள் முதன்முதலாக முகத்தை முழுதாகத் திருப்பினாள். இரண்டு கண்ணும் தெரிந்தன. ஓவியன் ஒருபோதும் வரையாத அந்த மறுபக்கக் கன்னத்தில் ஒரு பழைய தீக்காயம் இருந்தது. முழங்கால் உயரக் குழந்தை, பெண் குழந்தை, பின்னல், வாள், தீ, குழந்தையின் மணிக்கட்டில் கயிறு, சாலை, தெற்கே போகிற சாலை. ஒரு சொல்லைச் சொன்னாள், அது எல்லோருக்கும் புரிந்தது.

"ரூமா."

 தையல்காரப் பெண்களில் ஒருத்தி எழுந்துபோய், ஏற்கெனவே சாத்தியிருந்த கதவை மறுபடியும் சாத்திவிட்டு வந்தாள்.

மறுநாள் ராம்தா குழாய் வேலை செய்கிறவரிடம் போய் ஒரு கை அகல ஈயத் தகடு வாங்கி வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆணியால் கீறிக் கீறி மூன்று நாள் எழுதினாள். வாத்தியார் எட்டிப் பார்த்தார். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ரூமா. நடுவிலிருப்பது புரியவில்லை, ஆனால் ஒரே சொல் ஒன்பது தடவை வருகிறது, ஈயத்தில் அப்படி எழுதினால் அது சாபம், எதிரியின் மண்ணில் புதைக்க வேண்டும் என்றார். ராம்தா எழுதி முடித்து, மடித்து, இல்தா பரிசாகக் கொடுத்திருந்த கைப்பையில் போட்டுக்கொண்டு, ரயில் எப்போது என்று கேட்டாள்.

ஊர் பாரில் கூடியது. முதலில் உற்சாகமாகத்தான் இருந்தது.

"போகட்டுமே" என்றார் பார்க்காரர். "நம்மகிட்ட வரி வாங்குறவங்க எல்லாம் அங்கதான் உக்காந்திருக்காங்க. ரெண்டு செங்கல் விழுந்தா என்ன?"

"என் பையன் அங்க மந்திரி ஆபீஸ்ல இருக்கான்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"என் பேத்தி படிக்கிறா."

"என் தங்கச்சி கன்னியர் மடத்துல இருக்கா" என்றார் ஃபாதர் எஜிதியோ. "அந்த ஈயத்தை ஒளிச்சு வச்சிடுங்க."

சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, ரோக்காதூஃபாவில் இருப்பவர்களைவிட ரோமில் இருக்கும் ரோக்காதூஃபாக்காரர்கள் அதிகம் என்று தெரிந்தது. அவள் சொன்ன மழை பெய்திருக்கிறது, சொன்ன பாலம் விழுந்திருக்கிறது. கடைசியில் எல்லோரும் இல்தாவைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் தங்கை நீவெஸும் ரோமில்தான் இருந்தாள். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று நீவெஸ் வந்த ரயில் ஒரு மணி நேரம் தாமதம். காத்திருக்கலாமா என்று ஃபாதர் கேட்டார். வேண்டாம், மூடுங்க என்று சொன்னவள் இல்தா. நீவெஸ் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தபோது சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒளிச்சு வச்சா இன்னொண்ணு எழுதுவா" என்றாள் இல்தா. "நான் கூட்டிட்டுப் போறேன். சபிக்கப் போற ஊரை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுச் சபிக்கட்டும்."

"பார்த்தும் சபிச்சா?"

 இல்தா வீட்டுக்குப் போய் ஒரு ஈரலைத் தட்டில் வைத்து ராம்தாவின் முன்னால் நீட்டி, பலிக்குமா என்று கேட்டாள். ராம்தா பார்த்தாள். பிறகு பார்த்ததை உள்ளங்கையால் மூடிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் போனார்கள். இல்தா முட்டைப் பொரியல் வைத்த ரொட்டி கட்டிக்கொண்டாள். ராம்தா கருநீலக் கம்பளிக் கோட்டும் தன் பழைய தங்கத் தோடும் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்தாள். ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் கண்ணை மூடினாள், பழைய படுக்கைக்குப் போகிறவளைப் போல. வெளியே வந்ததும் திறந்தாள். ரோம் நெருங்க நெருங்க அவள் தாடை இறுகியது. இல்தாவும் தாடையை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். நான் யாரைக் காப்பாற்றப் போகிறேன், இவளையா, ஊரையா, தங்கையையா என்று யோசித்தாள். யோசிக்கப் பழக்கமில்லாததால் தலை வலித்தது.

நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால், பழைய ரோமின் சதுக்கத்தை மேலிருந்து பார்க்கிற கைப்பிடிச் சுவரிடம் இல்தா அவளை நிறுத்தினாள். கீழே காட்டினாள்.

"ரூமா."

ராம்தா பார்த்தாள். கூரை இல்லாத தூண்கள் மூன்று ஒரு பக்கம் நின்றன, எட்டு ஒரு பக்கம் நின்றன. கல்லுக்கு நடுவே புல். பூனை ஒன்று ஒரு கோயிலின் வாசற்படியில் படுத்திருந்தது. தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர்கள் தண்ணீர் பாட்டிலோடு நடந்தார்கள். அவள் நம்பவில்லை. இல்தாவின் கையைப் பிடித்து மறுபடியும் கேட்டாள். இதுதான் என்று இல்தா மறுபடியும் சொன்னாள். சாலைகளையெல்லாம் போட்டவர்கள், கயிறு கட்டிக் குழந்தைகளை ஓட்டிப்போனவர்கள், இங்கேதான் இருந்தார்கள்.

ராம்தா விரல்களைக் குவித்தாள். யார்? யார் செய்தது இதை?

இல்தா சொல்லப் பார்த்தாள். வடக்கிலிருந்து வந்தவர்கள், மறுபடி வந்தவர்கள், நிலநடுக்கம், பளிங்கையெல்லாம் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்ற சொந்த ஊர்ப் பிரபுக்கள், வீடு கட்டக் கல் எடுத்துக்கொண்டு போன பேர் தெரியாதவர்கள். கை ஓய்ந்துபோய், கடைசியில் தோளைத் தூக்கி, உதட்டைக் கீழே வளைத்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். அந்த நாட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்த சைகை அது.

ராம்தா வெகுநேரம் நின்றாள். பிறகு பின்னலை அவிழ்த்தாள். குனிந்து சுவரோரத் தூசியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு, மார்பில் அறைந்து, யாருக்கும் தெரியாத அந்தப் பாஷையில் ஒப்பாரி வைத்தாள். குரல் ஏறியது, இறங்கியது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பூனை எழுந்து உட்கார்ந்தது. கூட்டம் விலகி நின்றது. காவலாளி ஒருவர் வேகமாக வந்தார்.

"இங்க சத்தம் போடக்கூடாதும்மா. என்ன ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?"

"ரோம்" என்றாள் இல்தா. "இவளுக்கு இப்பத்தான் தெரிய வந்துச்சு."

காவலாளி அவளைப் பார்த்தார், கீழே பார்த்தார். தினமும் எட்டு மணி நேரம் அந்த இடிபாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அதற்காக ஒருவரும் அழுது பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்பாரி முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார்.

அதன் பிறகு ராம்தா கைப்பையிலிருந்து தகட்டை எடுத்து, சுவரில் வைத்து விரித்து, கட்டைவிரல் நகத்தால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தாள். ஈயம் மிருதுவானது, ஆனாலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. வழுவழுப்பான தகட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். திரும்பியபோதுதான் தெருவைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

தெரு நிறைய ஆட்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள், கைபேசியில் கத்தியவர்கள், பூக்காரி, போலீஸ்காரன், பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்கள். ராம்தா முழங்கால் உயரத்தில் கையை வைத்து இல்தாவைப் பார்த்தாள். அவள் கேட்டது இல்தாவுக்குப் புரிந்தது: என் குழந்தை இங்கேதானே வந்தது, இங்கே வளர்ந்திருக்கும், இங்கே பெற்றிருக்கும், அது பெற்றதும் பெற்றிருக்கும், அப்படியானால் இவர்களில் யார்?

"தெரியாது" என்றாள் இல்தா.  "எப்படித் தெரியும்? யாரா வேணாலும் இருக்கலாம்."

ராம்தா பூக்காரியிடம் போய் அவள் கன்னத்தைத் தொட்டாள். விரல்களைக் குவித்துத் தன் வாயருகே கொண்டுபோய் ஆட்டினாள்: சாப்பிட்டாயா? "இன்னும் இல்ல பாட்டிம்மா, ரெண்டு மணிக்குத்தான்" என்றாள் பூக்காரி, இது தினமும் நடக்கிறதைப்போல. அடுத்து போலீஸ்காரன். அடுத்து பள்ளிக்கூடப் பெண்கள் நாலு பேரும். டிராமில் ஏறியதும் ஓட்டுநரில் தொடங்கிக் கடைசி இருக்கை வரை போனாள். இரண்டாயிரம் வருடமாக யார் யாரோ வந்து போவதைப் பார்த்த ஊர், ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

டிராம் போகிற வழியில் ஒரு காலத்தில் ஆடுமாடு அறுத்த பேட்டை இருந்தது. அங்கே மூன்றாவது மாடியில் நீவெஸ் இருந்தாள். இறங்குவதாக இல்தா முடிவு செய்யவில்லை. நிறுத்தம் வந்தபோது எழுந்துவிட்டாள், அவ்வளவுதான்.

கதவைத் திறந்த நீவெஸ் அக்காவைப் பார்த்துக் கதவில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முடி நரைத்திருந்தது. ராம்தா இருவருக்கும் நடுவே போய், நீவெஸின் கன்னத்தைத் தொட்டு, வாயருகே விரல் குவித்தாள்.

"இல்ல" என்றாள் நீவெஸ். "இவங்க யாரு?"

"அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும்" என்றாள் இல்தா.

"ஒரு மணி நேரம்தான் அக்கா."

"தெரியும்."

"ஒரே ஒரு மணி நேரம். ரயில்ல நின்னுக்கிட்டே வந்தேன், உக்காந்தா லேட்டாகிடும்னு."

இல்தா நிலைப்படியில் நின்றபடி அழுதாள். நீவெஸ் அழவில்லை, கோபம் அவளுக்கு இன்னும் இருந்தது, பிறகும் சில மாதம் இருந்தது. ஆனால் கதவை விட்டுக் கையை எடுத்து, "பாஸ்தாவுக்குத் தண்ணி வச்சிருக்கேன், இன்னும் ரெண்டு பிடி போடறேன்" என்று உள்ளே போனாள்.

மறுநாள் இல்தா தனியாகத் திரும்பினாள், திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும். ராம்தா வரவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. தினமும் காலையில் நீவெஸ் வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரு தெரு, ஒரு சந்தை, ஒரு மருத்துவமனை வராந்தா என்று போய்வருகிறாள். ரோக்காதூஃபாவில் இப்போது ஈரலை ஈரலாகத்தான் சாப்பிடுகிறார்கள், மழையில் நனைகிறார்கள், பெண்கள் பாரில் சீட்டாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீவெஸ் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். முதலில் இரண்டு நிமிடம் பேசினாள், இப்போது அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கிறவரை பேசுகிறாள்.

போன வாரம் இல்தா கேட்டாள்: "அவ தேடினது கிடைச்சுதா?"

"நேத்து சாயங்காலம் நானும் அதைத்தான் கேட்டேன்" என்றாள் நீவெஸ். "கிடைச்சுதுன்னு தலையாட்டினா. எத்தனை பேர்னு கேட்டேன். ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சு மூடினா. நான் வெங்காயம் நறுக்கி முடிச்சுட்டேன், அவ இன்னும் விரிச்சு மூடிக்கிட்டே இருந்தா. அத்தனை பேரையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடணுமாம்."



"மேஜை பத்தாது" என்றாள் இல்தா. "நான் வெள்ளிக்கிழமையே வந்துடறேன்."